ஒன்பது புள்ளிகள்

என் பெயர் பெனிட்டா. பத்தொன்பது வருடம் மைதானங்களின் ஓரத்தில் மண்டியிட்டே பிழைத்தவள். ஹாக்கி, கபடி, கிரிக்கெட், ஓட்டப்பந்தயம், எதுவானாலும் எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நீள லென்ஸும் நானும் இருப்போம். நாற்பத்திரண்டாவது வயதில் முழங்கால் தேய்ந்துவிட்டது. இனி மண்டியிடக் கூடாது என்று டாக்டர் சொன்னார். அதனால் காட்டுக்குப் போனேன். காட்டில் மண்டியிட வேண்டாம், காத்திருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருடம்தான் புது லென்ஸ் வந்திருந்தது. பழைய டெலி லென்ஸைத் தூக்குவது ஒரு குழந்தையைத் தோளில் சுமப்பது மாதிரி. இது முழங்கை நீளம்தான். ஆனால் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் நிற்பவரின் சட்டைப் பொத்தானை எண்ணலாம். ஓசூரில் ஒரு சின்னக் கம்பெனி விளையாட்டுப் படக்காரர்களுக்காகச் செய்தது. போட்டிக்கு முன் இரண்டு அணி வீரர்களின் முகப்படங்களையும் அதற்குள் ஏற்றிவிட வேண்டும். பிறகு மைதானத்தின் எந்த மூலையில் யார் ஓடினாலும் முகம் பளிச்சென்று வந்து விழும். எப்படி என்று நான் கேட்கவில்லை. நல்ல படம் வரும்போது யாரும் கேட்பதில்லை.

சோலைமட்டத்துக்கு நான் போனது ஜனவரியில். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் காட்டுத் துண்டுகள் மிச்சமிருக்கும் மலை அது. அங்கே இரண்டு குட்டிகளோடு ஒரு தாய்ச் சிறுத்தை நடமாடுவதாகக் கேள்விப்பட்டிருந்தேன். வழிகாட்ட எஸ்டேட்டில் பொன்னுரங்கத்தை அனுப்பினார்கள். அவர் யானைக் காவலர். யானைகள் தொழிலாளர்களின் லைன் வீடுகள் பக்கம் வந்தால் முன்கூட்டியே குரல் கொடுப்பது அவர் வேலை. வயது ஐம்பதை ஒட்டியிருக்கும். கருநீல ஸ்வெட்டர், பழுப்புக் கம்பளிக் குல்லா, வலது கன்னத்தில் மிளகு அளவில் ஒரு மச்சம்.

காலை ஏழு மணிக்கு ஒரு பாறை மேல் என்னை உட்காரவைத்தார்.

"எதிர்ச் சரிவ மட்டும் பாத்துட்டு இருங்க மேடம். கருமந்திக் குரங்கு கத்தும். கத்துச்சுன்னா கீழ சிறுத்தை நடக்குதுன்னு அர்த்தங்க."

"எத்தன மணிக்குண்ணே கத்தும்?"

"அதுக்கு மணி ஏதுங்க?"

லென்ஸைச் சரிபார்க்க அவரையே நாலைந்து படம் எடுத்தேன். "என்னைய எதுக்குங்க" என்று கூச்சத்தோடு குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டார். கொஞ்ச நேரத்தில், கீழே ரெண்டாம் நம்பர் காட்டில் ஒற்றை யானை நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி இறங்கிப் போனார். திரும்பி வர நாற்பது நிமிடம் ஆனது.

அந்த நாற்பது நிமிடத்துக்குள்தான் சிறுத்தை வந்தது. முதலில் ஒரு கிலோமீட்டர் தள்ளியிருந்த எதிர்ச் சரிவிலிருந்து ஒரு குரல், குடத்துக்குள் வாயை வைத்து ஊதுவது போல. பிறகு மூடுபனி விலகியது. அங்கே ஒரு பாறை மேல் அது வந்து உட்கார்ந்தது. இரண்டு குட்டிகளும் அதன் வயிற்றுப் பக்கம் ஒண்டின. பதினோரு படம் எடுத்தேன். கை நடுங்கவில்லை, அதில் எனக்குப் பெருமை. பொன்னுரங்கம் வந்ததும் காமிராவின் சின்னத் திரையில் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "நல்லா வந்துருக்குங்க" என்று சந்தோஷப்பட்டார்.

மூன்றாம் நாள் காலை அந்தத் தாய்ச் சிறுத்தை கிளட்ச் வயர் கண்ணியில் கழுத்து இறுகிச் செத்துக் கிடந்தது. காட்டுப்பன்றிக்கு யாரோ வைத்த கண்ணி. குட்டிகளைச் சாக்கில் சுற்றிக் கொண்டுபோனார்கள்.

லாட்ஜ் அறையில் உட்கார்ந்து என் பதினோரு படங்களையும் மறுபடி விரித்துப் பார்த்தேன். துக்கத்தில்தான் பார்த்தேன், எதையும் தேடவில்லை. ஏழாவது படத்தில் சிறுத்தைக்குப் பின்னால், வலது ஓரத்தில், ஒரு ஆள் குந்தியிருந்தார். பெரிதாக்கினேன். கருநீல ஸ்வெட்டர். பழுப்புக் குல்லா. கீழே தொங்கும் ஒரு வயர். இன்னும் பெரிதாக்கினேன். வலது கன்னத்து மச்சம்கூடத் தெரிந்தது.

என்னைப் பாறையில் உட்காரவைத்துவிட்டு எதிர்ச் சரிவுக்குப் போய்க் கண்ணி கட்டியிருக்கிறார் என்று நினைத்தேன். நேராக வனச்சரக அலுவலகத்துக்குப் போனேன்.

ரேஞ்சர் அப்துல் லத்தீப் படத்தை வெகுநேரம் பார்த்தார். "பதினாறு வருஷமா எனக்குத் தெரிஞ்ச ஆளு மேடம்" என்றார்.

"படத்துல இருக்காரே சார்."

"அதான் பாக்கறேன்."

"தெரிஞ்ச ஆளுங்கறதுக்காக விட்டுருவீங்களா?"

இந்தக் கேள்வியை நான்தான் கேட்டேன். மத்தியானம் பொன்னுரங்கத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்து வணக்கம் வைத்தார். எதற்காகக் கூப்பிட்டார்கள் என்று அப்போது அவருக்குத் தெரியாது.

படம் பரவியது. முன்னால் தாயும் குட்டிகளும், பின்னால் கண்ணியோடு காவல்காரர். வேலியே பயிரை மேய்ந்தது என்று தலைப்புப் போட்டார்கள். என்னைப் பேட்டி கண்டார்கள். சென்னையில் நடக்கும் ஒரு வனப்படப் போட்டியில் அந்தப் படத்துக்கே முதல் பரிசு என்று மார்ச்சில் கடிதம் வந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஏப்ரல் முதல் வாரம் கோவில்பட்டியில் ஒரு ஹாக்கி இறுதிப் போட்டி. பழைய நண்பர்கள் கூப்பிட்டதால் போனேன். மண்டியிடாமல், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எடுத்தேன். போட்டி முடிந்து படங்களைத் தள்ளிக்கொண்டு வந்தபோது ஒன்றில் கை நின்றது. தூரத்து வேலியோரம் ஒருவர் கடலைமிட்டாய்த் தட்டோடு நின்றிருந்தார். அவரிடம் நானே மத்தியானம் வாங்கித் தின்றிருந்தேன். எழுபது வயதுப் பெரியவர், வாயில் முன்பல் கிடையாது. படத்தில் அவருக்குப் பத்தொன்பது வயது கோல்கீப்பர் பையனின் முகம் இருந்தது. மீசை அரும்பாத, வழவழப்பான முகம். தட்டைப் பிடித்த கைகூட இளங்கையாகத்தான் இருந்தது.

முதலில் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவரிடம் காட்டவும் போனேன். காட்டவில்லை. காமிராவை அணைத்துப் பைக்குள் வைத்துவிட்டு, லென்ஸை வடிவமைத்த சுதர்சனுக்குப் போன் செய்தேன். லென்ஸ் வாங்கியபோது எப்படிப் பயன்படுத்துவது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.

"ஒரு கிலோமீட்டர் தூரத்துல ஒரு மூஞ்சிக்கு லென்ஸ்ல எத்தன புள்ளி விழும் சுதர்சன்?"

"வெளிச்சம் கொண்டுவர்றது மட்டுமா? ஒம்பது மேடம். குறுக்க மூணு, நெடுக்க மூணு. பனி இருந்தா அதுவும் கலங்கிரும்."

"அப்ப மிச்ச மூஞ்சி?"

"மிச்சத்த லென்ஸ் போட்டுக்கும். அதுக்குத்தான் வீரர்கள் படத்த முன்னாடியே ஏத்தச் சொல்றோம். இருக்கறதுல எது பொருந்துதோ அத எடுத்து வெக்கும்."

"காட்டுல நான் யார் படத்தையும் ஏத்தலையே."

"ஏத்தலன்னா அன்னிக்கு கிட்டத்துல எடுத்த மூஞ்சிகள்ல இருந்து எடுத்துக்கும். அன்னிக்கு யார் யாரைக் கிட்டத்துல எடுத்தீங்க?"

"ஒருத்தர மட்டும்" என்றேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. அந்தப் படம் அவருக்கும் தெரியும். கம்பெனி விளம்பரத்திலேயே அதைப் போட்டிருந்தார்கள். "மேடம், இது மைதானத்துக்காகச் செஞ்சது. அங்க அசையறது எல்லாமே ஆள்தான். ஆளுன்னு அது முடிவு பண்ணிட்டா ஒரு மூஞ்சி வெச்சே தீரும். மூஞ்சி இல்லாம விட அதுக்குத் தெரியாது."

"சிறுத்தை?"

"அதுவும் அப்படித்தான் மேடம். உருவம், உக்காந்திருக்கற விதம் எல்லாம் நெஜம். மீசை முடி, கண்ணு, அதெல்லாம் லென்ஸ் போட்டது."

பரிசு வாங்கப்போகும் அந்தக் கண்ணைப் பற்றி நான் எத்தனை பேட்டிகளில் பேசியிருந்தேன்.

வெளிச்சம் மட்டும் விழுந்த மூலப் படம் லென்ஸுக்குள்ளேயே தொண்ணூறு நாள் இருக்கும் என்றார் சுதர்சன். அதன்பின் தானாக அழிந்துவிடும். கணக்குப் பார்த்தேன். இன்னும் இருபது நாள் பாக்கி இருந்தது. எப்படித் திறப்பது என்று சொன்னவர், கடைசியில் குரலைத் தாழ்த்தி, "நீங்க திறந்தே ஆகணும்னு இல்ல மேடம்" என்றார்.

நான் திறக்கவில்லை.

திறந்தால் தெரிந்துவிடும். தெரிந்தால் ஏதாவது செய்ய வேண்டும். அவர்தான் கண்ணி வைத்தார் என்பதற்குச் சாட்சி இல்லை என்றால், அவர் வைக்கவில்லை என்பதற்கும் சாட்சி இல்லையே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நாற்பது நிமிடம் அவர் எங்கே போனார் என்று யாருக்குத் தெரியும்? வழக்கு இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். தினமும் காலையில் லென்ஸ் பையைத் துடைத்து அதே இடத்தில் வைத்தேன்.

பன்னிரண்டாம் நாள் பரிசளிப்பு விழா. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். மேடையில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். "மனுஷன் பொய் சொல்லுவான், லென்ஸ் பொய் சொல்லாது" என்றேன். கை தட்டினார்கள். தெரியாமல் சொல்லியிருந்தால் பிழை. தெரிந்துதான் சொன்னேன். அந்த வாக்கியம் என் வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வந்தது என்பதை இன்றைக்கு நினைத்தாலும் காது மடல் சுடுகிறது.

பதினெட்டாம் நாள் மத்தியானம் ரேஞ்சர் லத்தீப் போன் செய்தார்.

"தகவல் சொல்லலாம்னு கூப்பிட்டேன் மேடம். பொன்னுரங்கம் ஒத்துக்கிட்டார்."

"என்ன சார் சொன்னார்?"

"எதுவும் சொல்லல. கிட்டத்தட்ட மூணு மாசம் நான் இல்ல, நான் இல்லன்னுட்டே இருந்தார். நேத்து உங்க படத்தப் பெரிசா பிரிண்ட் போட்டு அவர் கையில குடுத்தேன். அடிக்கல மேடம், அதட்டக்கூட இல்ல. ரொம்ப நேரம் பாத்தார். அப்புறம் எங்க கையெழுத்துப் போடணும்னு கேட்டார்."

போனை வைத்துவிட்டு லென்ஸை எடுத்துத் திறந்தேன். ஏழாவது படத்தின் மூலம் வந்தது. வலது ஓரத்தில், கரியைத் தொட்டு விரலால் இழுத்தது போல ஒரு தீற்றல். அதன் உச்சியில் முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்பது புள்ளிகள். மூன்று வெளிர் நிறம், ஆறு சாம்பல். நான் அந்த மனிதரின் முகத்தை ஒன்பது புள்ளிகளுக்குள் தேடினேன். என் அப்பா முகத்தை நினைத்துக்கொண்டு பார்த்தால் அப்பா இருந்தார். என் முகத்தை நினைத்துப் பார்த்தேன். நானும் இருந்தேன்.

மறுநாள் சோலைமட்டத்துக்குப் போனேன். லத்தீப் சார் முன்னால் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சுதர்சன் சொன்னதையெல்லாம் சொன்னேன். கையெழுத்துப் போட்டு எழுதியும் கொடுத்தேன்.

"எப்ப தெரிஞ்சுது மேடம் இது?" என்று கேட்டார்.

நேற்று என்று சொல்ல வாய் வந்தது. "பத்தொன்பது நாளாச்சு சார்" என்றேன்.

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். தொப்பியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். "அன்னிக்கு எனக்கு நம்பிக்கை வரல. விட்டுருவீங்களான்னு நீங்க கேட்டதும் படத்த நம்பிட்டேன். அது என் தப்பு" என்றார். திட்டினால் தேவலை என்றிருந்தது.

வழக்கைத் திரும்பப் பெற ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அதற்கிடையில் பொன்னுரங்கத்தின் மனைவி பாக்கியத்தைத் தேடிப் போனேன். எஸ்டேட் லைன் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டதால், மலையடிவாரத்தில் அக்காள் வீட்டில் இருந்தார். தென்னைமட்டை முடைந்துகொண்டிருந்தார். நான் யார் என்று சொன்ன பிறகும் கை நிற்கவில்லை.

"அண்ணன் செய்யலக்கா. படம் தப்பு" என்றேன்.

"அப்படிங்களா."

"சீக்கிரம் வந்துருவாரு."

மட்டையைக் கீழே வைத்தார். "நான் ஒருக்காக்கூட ஜெயிலுக்குப் போய்ப் பாக்கலீங்க. ஊரே பேசுச்சு, அதுக்காக இல்ல. நானே பாத்தனே படத்துல. முப்பது வருஷம் பக்கத்துல படுத்த மூஞ்சி எனக்குத் தெரியாதுங்களா?" பிறகு, ஏதோ கணக்கு இடிப்பது போல என்னையே கேட்டார்: "இப்ப அவரு வந்தா நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் பாக்கறதுங்க?"

அவர் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

ஜூன் முதல் வாரம் பொன்னுரங்கத்தை விட்டார்கள். அவருடைய டார்ச்சும் ரப்பர் பூட்ஸும் வனச்சரக அலுவலகத்தில் இருந்தன. அவற்றை வாங்க அவர் வரும் நேரம் சொல்லி லத்தீப் சார் என்னையும் வரச்சொன்னார். மன்னிப்புக் கேட்பதென்றால் முகத்துக்கு நேராகக் கேளுங்கள் என்றார்.

பொன்னுரங்கம் இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் வணக்கம் வைத்தார். நான் தயார் செய்துகொண்டு போன வார்த்தைகள் அந்த வணக்கத்தில் போய்விட்டன. "அண்ணே, தப்பு பண்ணிட்டேன்" என்பதற்கு மேல் வரவில்லை.

"நீங்க என்னங்க பண்ணுவீங்க, மிஷினு பண்ணதுக்கு" என்றார்.

"மிஷின் பண்ணது ஒரு நாள்ணே. மிச்சத்த நான் பண்ணேன்."

அவர் பூட்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் ஏன் கையெழுத்துப் போட்டேன்னு சாரு கேட்டாருங்க. என்னத்தச் சொல்றது. என்ற மூஞ்சி. என்ற மச்சம். மூணு மாசம் இல்ல இல்லன்னு சொல்லிட்டு, அந்தப் படத்தக் கையில வாங்கிப் பாத்ததும் எனக்கே சந்தேகம் வந்துருச்சுங்க. வயசுப் பையனா இருக்கீல பன்னிக்குக் கண்ணி வெச்சவந்தான். அந்தக் கை தன்னால போயிருக்குமோ, நெனப்பில்லாம பண்ணிட்டனோன்னு. பொய் சொல்றது நான்தான், படம் இல்லன்னு நெனச்சேன்."

லத்தீப் சார் மூலப் படத்தைக் கணினித் திரையில் போட்டார். "இதாங்க நெஜப் படம். நீங்களும் ஒருதரம் பாத்துருங்க" என்றார்.

பொன்னுரங்கம் குனிந்து பார்த்தார். நாங்கள் எல்லோரும் பார்த்தது போல அவர் வலது ஓரத்திலிருந்து தொடங்கவில்லை. முதலில் சிறுத்தையைப் பார்த்தார், அதன் கீழே ஓடையின் கோட்டைப் பார்த்தார், கடைசியில்தான் அந்தத் தீற்றலுக்கு வந்தார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

"இது ஆளே இல்லீங்க சார்" என்றார்.

"என்னது?"

"கருமந்திங்க. கருப்பு ஒடம்பு, பழுப்புத் தல. ஓடைக்கு அக்கட்ட ஒரு நாவமரம் சாஞ்சு நிக்கும், அது மேல உக்காந்துருக்குது. இது வயரு இல்லீங்க, வாலு. கீழ தொங்குது பாருங்க."

லத்தீப் சார் என்னைப் பார்த்தார். நீள லென்ஸ் தூரத்தையும் பக்கத்தையும் ஒன்றாக ஒட்டிக் காட்டும் என்பது என் தொழிலின் முதல் பாடம். ஓடைக்கு அப்பால் இருந்தது சிறுத்தையின் முதுகுக்குப் பின்னால் இருப்பது போலத் தெரிந்திருக்கிறது. எனக்கு அது தோன்றவே இல்லை.

"கத்தியிருக்குமேங்க. உங்களுக்குக் கேக்கலீங்களா?"

"கேட்டுச்சுண்ணே."

அவர் சிறுத்தையின் மேல் விரலை வைத்தார். குரலில் கோபம் இல்லை. ஒரு வேலைக்காரர் இன்னொரு வேலைக்காரரிடம் குறை சொல்லும் குரல்தான். "குட்டிய வெச்சுட்டிருக்கற தாயிங்க இது. முப்பதடியில ஒரு ஆளு குந்தியிருந்தா இப்படிக் கால மடக்கிப் போட்டு உக்காருமா? நானும் என்ற மூஞ்சியத்தான் பாத்தேன், சிறுத்தையப் பாக்கல. நீங்க அதப் படம் எடுக்க வந்தவங்க. நீங்களாவது அதப் பாத்துருக்கலாம்."

கண்ணியை வைத்தது யார் என்று இன்றுவரை தெரியாது. யாரும் தேடவே இல்லை. ஆள்தான் கிடைத்துவிட்டாரே.

பரிசைத் திருப்பி அனுப்பியிருந்தேன். செய்தித்தாள்களுக்கு எழுதியிருந்தேன். இரண்டு பத்திரிகைகள் உள்பக்கத்தில் நாலு வரி போட்டன, படமில்லாமல். சாம்பல் தீற்றலை யார் அச்சிடுவார்கள்? இதையெல்லாம் பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது அவரிடம் சொன்னேன். அடிவாரத்துக்கு இறங்கிப் பாக்கியத்தைப் பார்க்கப் போவதாக அவர் சொல்லியிருந்தார்.

"அந்தப் படத்த எல்லாத்துலருந்தும் எடுத்துற முடியுங்களா மேடம்?"

முயற்சி செய்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். "முடியாதுண்ணே" என்றேன்.

தலையாட்டினார்.

பதினொன்றேகால் பஸ் வந்தது. ஜன்னலோரம் இரண்டு பெண்கள், தேயிலை பறிக்கிறவர்கள், உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி அவரைப் பார்த்தாள். பிறகு மற்றவளின் தொடையைத் தட்டினாள். இருவரும் பார்த்தார்கள். படியில் வைத்த காலை அவர் கீழே எடுத்தார்.

"கூட்டமா இருக்குதுங்க. அடுத்த வண்டில போய்க்கறேன்."

பஸ்ஸில் பாதி இருக்கைகள் காலியாகத்தான் இருந்தன. நிறுத்தத்துச் சிமெண்டுத் திண்டில் அவர் உட்கார்ந்தார். பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டார். நான் ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்தேன். எதிரே தேயிலைச் சரிவில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

பன்னிரண்டரைக்கு அடுத்த பஸ் வந்தது. அதையும் அவர் விட்டுவிட்டார்.